பழவேற்காடு செல்வோர்க்குச் சில குறிப்புகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடிவிடுகிறது. வசதி படைத்தோர் மனம் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் ஓடுகிறது. வெளிநாடு செல்வோர்க்கென்றே வழிகாட்டி நூல்கள் பல உண்டு. எந்த மாதத்தில் போவது நல்லது, எதை உடுத்துவது, எதை உண்பது, அந்நாட்டார் எதை மரியாதை என்று கருதுவர், எதை அவமதிப்பு என்று கருதுவர் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். கடல் கடந்து போகிறவர், போகும் இடத்து மனிதர்களின் மனம் நோகக் கூடாது என்று கவலைப்படுவது நல்ல பண்பே. ஆனால் பொன்னேரியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டுக்குப் போகும்போது அந்தக் கவலை நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது?

என் தந்தையார் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கூலித் தொழிலாளி. உல்லாசப் பயணம் என்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லாத சொல். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விடுமுறையில், கட்டுச்சோற்றுடன் பேருந்தில் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வரக்கூடிய வெளியூர் எங்களுக்குப் பழவேற்காடு ஒன்றுதான். எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கும், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார், ஒடிசா மாநிலத்து இளைஞர்களுக்கும் அப்படித்தான். அதே பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து நம் வகுப்புகளுக்கு வரும் நண்பர்களும் இருக்கின்றனர். நாம் வேடிக்கை பார்க்கப் போகும் இடம் அவர்களுடைய வீட்டு வாசல். நாம் படகில் சுற்ற விரும்பும் ஏரி அவர்களுடைய தந்தையர் வேலை செய்யும் களம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் எழுதியிருக்கும் குறிப்புகளில் பாதியைப் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்சார ரயில்கள் பொன்னேரியில் நிற்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருவோரும் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்துகள் உண்டு. இறங்கியவுடன் நடத்துநரிடமோ அருகிலுள்ள கடைக்காரரிடமோ கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது முதல் வேலை. மாலையில் சூரியன் ஏரியில் இறங்கும் அழகைப் பார்த்துக்கொண்டே பேருந்தைத் தவறவிட்டவர்கள் பலர். தங்குமிடங்களை நம்பிப் போகும் ஊர் அன்று இது. காலையில் போய் மாலையில் திரும்புவதே ஏற்றது.

குடிக்கத் தண்ணீர், தலைக்கு ஒரு தொப்பி அல்லது துண்டு, கையில் சில்லறை, குப்பையைத் திரும்ப எடுத்து வர ஒரு துணிப்பை ஆகிய நான்கும் போதும். உப்பங்காற்றும் வெயிலும் சேர்ந்தால் தாகம் தெரியாமலே உடல் வாடிவிடும். ஏரிக்கரையில் நிழல் குறைவு.

எப்போது போவது?

பறவைகளைப் பார்க்க விரும்புவோர் நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில் போக வேண்டும். ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். வானிலை அறிக்கையைக் கேட்காமல் புறப்படக் கூடாது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் எல்லா வகையிலும் உகந்தவை.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. அப்போது போய், "என்ன, மீன் விலை இப்படி ஏறிக்கிடக்கிறது?" என்று மீன்காரம்மாவிடம் சண்டையிடுவது அறியாமை.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பரப்புக்குள் மீனவர் போகக் கூடாது என்று முன்னறிவிப்புச் செய்வார்கள். நமக்கு அது வானில் தெரியும் ஒரு வாணவேடிக்கை. அவர்களுக்கு அது கடலுக்குப் போக முடியாமற்போகும் நாள். அந்த நாளில் அங்கே போனால் இரண்டையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஏரியின் இயல்பு

பழவேற்காடு ஏரியை ஏரி என்று அழைத்தாலும் அது மழைநீர் தேங்கிய ஏரி அன்று. அது ஒரு காயல். ஒரு பக்கம் ஆரணி ஆறும், வடக்கே ஆந்திரப் பகுதியில் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. மறுபக்கம் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. இந்தியாவில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்முனைதான் நம் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த நீரின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகும்போது பல இடங்களில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆறுகள் வற்றி, வெயிலில் நீர் ஆவியாகி, கடலைவிட உப்பு மிகுந்துவிடும். இந்த மாற்றத்தைத் தாங்கும் உயிர்களே அங்கே வாழ முடியும். இறால், நண்டு, மடவை, பால்கெண்டை, கிழங்கான் ஆகியவை அப்படிப்பட்டவை. இறாலின் வாழ்க்கை முறை வியப்புக்குரியது. கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே காயலுக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கே திரும்புகின்றன. ஆகவே முகத்துவாரம் என்பது காயலின் மூக்கைப் போன்றது. மணல் சேர்ந்து அது அடைபட்டால் காயலுக்கு மூச்சு முட்டும். கடல்நீர் வராது, இறாற்குஞ்சு வராது, கடலுக்குப் போகும் படகுகளும் வெளியே செல்ல முடியாது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அங்குள்ள மீனவர்கள் பல்லாண்டுகளாக விடுத்துவரும் வேண்டுகோள். கரையில் நின்று "என்ன அழகான மணல்திட்டு!" என்று நாம் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் மீனவப் பெரியவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பது இதை அறிந்தவர்க்குத்தான் புரியும்.

பூநாரைகள்

ஏரியின் தமிழகப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே காணவேண்டிய பறவைகளில் தலையாயது பூநாரை. நீண்ட கால்களுடன் ஆழமில்லாத நீரில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றையும் நீரையும் வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். அதன் சிறகிலுள்ள இளஞ்சிவப்பு பிறவியிலேயே வந்த நிறமன்று. அது உண்ணும் பாசிகளிலும் சிறு உயிர்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிப் பொருளே இறகில் சேர்ந்து சிவக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நம் நாட்டில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குசராத்தின் கட்ச் பாலைவனம். காயலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். இந்த ஆழமின்மையே பூநாரையை இங்கே அழைத்து வருகிறது.

பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்து பறப்பது கண்கொள்ளாக் காட்சி என்று சொல்லி, கைதட்டியும் கல்லெறிந்தும் படகை விரட்டியும் அவற்றைக் கிளப்புவோர் இருக்கின்றனர். விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை இரைதேடிச் சேர்க்கும் ஆற்றலை, நம் ஒரு நிமிட மகிழ்ச்சிக்காக வீணாக்குகிறோம். அடிக்கடி விரட்டப்பட்ட கூட்டம் அந்த இடத்தையே விட்டுப் போய்விடும். தொலைவில் நின்று, பேசாமல் பார்த்தால், அது தானாகவே எழுந்து பறக்கும் நேரம் வரும்.

படகு பற்றி

இனி வருவது இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில், பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணியர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதில் குழந்தைகளும் இருந்தனர். அதன்பின் அங்கே உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது.

"சராசரி ஆழம் 1 மீட்டர்தானே, அதில் எப்படி மூழ்க முடியும்?" என்று கேட்கலாம். சராசரி என்ற சொல் ஆளை ஏமாற்றும். ஒரு பக்கம் முழங்கால் ஆழம், அடுத்த பக்கம் ஆள் மூழ்கும் ஓடை என்று இருந்தாலும் சராசரி அதுதான். முகத்துவாரத்தின் பக்கம் நீர் ஓடும் வழிகள் ஆழமானவை. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நீரோட்டம் வலுவாக இருக்கும். அடியிலிருப்பது சேறு. கால் புதைந்தால் எளிதில் எடுக்க வராது.

படகு ஏன் கவிழ்கிறது என்பதை நம் பௌதிகப் பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பாரம் படகின் அடியில் இருக்கும்வரை, அது சற்றுச் சாய்ந்தாலும் தானே நிமிரும். மீனவர் வலையையும் மீனையும் படகின் அடியில் வைப்பர். எடை கீழே இருப்பதால் ஈர்ப்பு மையமும் கீழே இருக்கும். பயணிகள் ஏறி, அதிலும் எழுந்து நின்றால், ஈர்ப்பு மையம் மேலே வந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் படம் எடுக்க ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சாய்ந்து, தண்ணீர் உள்ளே புகும். புகுந்த தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சேரும். அதன்பின் படகு நிமிர வழியில்லை. கடலில் பிறந்து வளர்ந்த படகோட்டியாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். நீங்கள் போகும் நாளில் படகுச் சவாரிக்கு அரசின் அனுமதி உண்டா என்று அங்குள்ள காவல் நிலையத்தில் கேளுங்கள். இல்லையென்றால், யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். "நூறு ரூபாய் கூடத் தருகிறோம், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள்" என்று ஏழைப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். மீன்படாத நாளில் வீட்டில் அரிசி இல்லாத மனிதருக்கு அந்தப் பணத்தை மறுப்பது கடினம். விபத்து நேர்ந்தால் சட்டத்தின்முன் நிற்பவர் அவர்தான். அனுமதியுள்ள படகானால், உயிர்காப்பு மேலங்கியை அணிந்துகொண்டு, படகோட்டி சொன்ன இடத்தில் உட்கார்ந்து, இறங்கும்வரை எழாமல் இருக்க வேண்டும். முகத்துவாரத்தில் குளிக்கவே கூடாது.

இன்னொன்று. கரையில் நிற்கும் படகுகளில் செருப்புக் காலுடன் ஏறிப் படம் எடுக்கக் கூடாது. படகு மீனவர்க்குச் சோறு போடும் தெய்வம். பொட்டு வைத்துப் பூச் சூட்டி வணங்கும் பொருள். நம் வீட்டுப் பூசையறையில் ஒருவர் செருப்புடன் நுழைந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஊரின் பழங்கதை

பழவேற்காடு ஒரு காலத்தில் உலகம் அறிந்த துறைமுகம். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தனர். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை அவர்கள் காலத்துக்குக் கொண்டு செல்வர். ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் 1610-இல் இங்கே வணிகம் செய்ய விசயநகர மன்னரிடம் உரிமை பெற்றனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினர். ஆகவே 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டி, தம் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தை நினைத்து அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைநகரம் இதுவே. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடுமே எஞ்சியிருக்கின்றன. தேடிப் போகிறவர் ஏமாறாமலிருக்க இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. "நாளை நீயும் இப்படித்தான்" என்று வருவோர்க்கு நினைவூட்டும் உருவங்கள் அவை. கல்லறைகளின்மேல் குடும்பச் சின்னங்களும் டச்சு மொழி எழுத்துகளும் மிக நேர்த்தியாக வெட்டப்பட்டுள்ளன. அவை படுத்திருப்பவர்களின் நினைவுக் கற்கள். அவற்றின்மேல் ஏறி உட்கார்வதும், பெயரைக் கிறுக்குவதும் கூடாது.

அந்தக் கல்லறைகளைப் பார்க்கும்போது, கல்லறை இல்லாத சிலரையும் நாம் நினைக்க வேண்டும். இதே துறைமுகத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியார் துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. மனிதர்களையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய சகார்த்தாவுக்கு அனுப்பினர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் இந்த வியாபாரம் பெருகியது. பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஏழை மக்கள் அவர்கள். வாங்கியவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களின் பெயர்கள் இந்தத் தோட்டத்தின் எந்தக் கல்லிலும் இல்லை. கூலிக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் எனக்கு அந்தத் தோட்டத்தில் தோன்றிய எண்ணம் இதுவே.

துணி வாணிகத்தின் நினைவு ஒன்று இன்னும் உயிருடன் இருக்கிறது. இங்கிருந்து சென்ற கட்டம்போட்ட துணி கிழக்காசிய நாடுகளில் பெரும்பெயர் பெற்றது. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். மலாய் மொழியில் காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். உலகின் வேறொரு மூலையில், தாம் உடுத்தியிருப்பது ஓர் ஊரின் பெயர் என்று அறியாமலே பலர் உடுத்தியிருக்கின்றனர்.

கோயிலும் பள்ளிவாசலும்

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புராங்கல்லால் கட்டப்பட்ட பழைய கோயில். இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு உருவங்களாகச் செதுக்கியிருப்பதைப் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். சமயேசுவரர் கோயிலும் பழமையானது. இசுலாமியர் இவ்வூரில் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். சின்னப் பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. தொழுகை நேரத்தைச் சூரியனைக் கொண்டு கணிக்க அமைத்தது. அது காட்டும் நேரமும் நம் கைக்கடிகாரமும் ஒத்துப்போகாது. கடிகாரம் பழுது என்று எண்ண வேண்டாம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. பழவேற்காடு அதற்கு மேற்கே ஏறக்குறைய 80.3 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், ஆண்டுச் சராசரியாக ஏறக்குறைய 9 நிமிட வேறுபாடு வரும். நிழற்கடிகாரம் சொல்வது அந்த ஊரின் சொந்த நேரம்.

பள்ளிவாசலைப் பார்க்க விரும்புவோர் தொழுகை நேரத்தில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாமல், வேறு நேரத்தில் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுப் போக வேண்டும். "பாய், உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் இல்லை என்பவர் அரிது. இசுலாமியப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பனங்குருத்து ஓலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர். அவற்றை வாங்குவது நல்லது. ஆனால் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் முறையன்று. ஒரு பெட்டி முடையக் குருத்தை உலர்த்தி, கிழித்து, சாயமேற்றி எத்தனை வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், விலையைக் குறைத்துக் கேட்க நமக்கே வாய் வராது.

பாடு என்னும் ஏற்பாடு

பொதுச் சொத்தை ஏழை மக்கள் சண்டையின்றி எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதை அறிய விரும்பும் பொருளாதார மாணவர்கள் பழவேற்காட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். காயலில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலை கட்டும் உரிமையை, மரபுவழி மீனவர்கள் 'பாடு' என்னும் முறையால் பகிர்ந்துகொள்கின்றனர். உரிமையுள்ளவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முடிவு செய்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை வைத்துச் சுற்றிவரும். பல தலைமுறைகளாக வழங்கும் இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து படித்துச் செல்கின்றனர். இதில் குறையும் உண்டு. இந்த உரிமை சில குப்பங்களுக்கே சொந்தம். மற்றவர்களுக்கு அது கிட்டாத மனக்குறை இருக்கிறது. இரு பக்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. விருந்தாளியாகப் போனவர் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

வலையும் படகும் இல்லாதவர்களும் அங்கே இருக்கின்றனர். இருளர் இன மக்கள் ஆழமில்லாத நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போட ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்வர். இரு கைகளும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டுமல்லவா? இப்போது, ஏரிக்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துத் தண்ணீரில் எறிகிறவரை எண்ணிப் பாருங்கள். அந்தக் கண்ணாடித் துண்டு சேற்றுக்குள் போய்க் காத்திருக்கும். அதைக் கண்டெடுப்பது ஒரு பெண்ணின் விரல்நுனியாகத்தான் இருக்கும். குப்பை போடாதீர் என்று அறிவிப்புப் பலகைகள் எத்தனையோ சொல்லுகின்றன. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பேச்சும் பழக்கமும்

காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தைப் பார்ப்பது நல்ல அனுபவம். ஆனால் அங்கே ஒவ்வொரு நொடியும் பணம். கூடைகளுக்கு நடுவே நின்று வழியை அடைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதை ஏலத்தில் யாரும் விரும்பமாட்டார்கள். நமக்கு வேண்டியதைச் சில்லறையாக விற்கும் அக்காமாரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஐந்தும் பத்தும் குறைக்கச் சொல்லி அவர்களிடம் வாதாடுவோர், நகரத்துப் பெரிய கடைகளில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தாம். மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதும் வேண்டாம். மீன் மணப்பது அவர்கள் குற்றமன்று, அவர்கள் தொழில்.

வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவரிடம் "ஐயா" என்றோ "பெரியவரே" என்றோ அழைத்துப் பேசினால் காற்றையும் நீரையும் பற்றி நம் பாடநூலில் இல்லாதவற்றைச் சொல்லுவார். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும். குப்பத்துக்குள் போகும்போது அம்மன் கோயிலுக்கு எதிரே செருப்பைக் கழற்றிக்கொள்ள வேண்டும். சிறுவர்க்கு மிட்டாயும் காசும் எறிந்து வேடிக்கை பார்ப்பது அவர்களையும் நம்மையும் தாழ்த்தும் செயல். பழவேற்காட்டிலிருந்து வரும் நம் வகுப்பு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எங்கள் அம்மா கருவாடு உலர்த்துவதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் நுழைந்து நான் படம் எடுத்தால் விடுவார்களா?" எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. படிக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது பழமொழி. விருந்தாளிக்கு உரிமையும் உண்டு, எல்லையும் உண்டு என்பதே அதன் பொருள். ஒரு நாள் விருந்தாளிகளான நாம் அந்த எல்லையை அறிந்து நடந்தால், பழவேற்காடு நமக்குத் தன் வரலாற்றையும் அறிவையும் தாராளமாகத் தரும். தொழிற்பேட்டையின் புகையிலும் இரைச்சலிலும் ஆறு நாள் உழைத்தவர்க்கு அந்தக் காற்று கிடைக்கட்டும். அதற்கு விலையாக ஒரு படகோ, ஒரு விரலோ, ஒரு குடும்பத்தின் மானமோ போகாதிருக்கட்டும். அடுத்த விடுமுறையில் போய்வாருங்கள் நண்பர்களே. துணிப்பையை மறந்துவிடாதீர்கள்.